சிறிய அலுவலகத்துக்குப் பொதுக் குரலஞ்சலும் தானியங்கித் தொலைபேசிப் பதிலும் அமைத்தல்

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார அலுவலகத்தின் தொலைபேசிகளைச் சீர்செய்ய நான் அழைக்கப்பட்டபோது, அவர்கள் சொன்ன குறை இதுதான்: மாலையில் அழைப்பவர்களின் செய்தி பதிவாவதில்லை; பெட்டி நிரம்பிவிட்டது என்ற ஆங்கில அறிவிப்பு மட்டும் கேட்கிறது. இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. பொதுக் குரலஞ்சல் பெட்டியில் 100 செய்திகள் கேட்பாரற்றுக் கிடந்தன. வேறு எதையும் குறிப்பிடாவிட்டால், அவர்களுடைய தொலைபேசிகளை இயக்கிய மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் எல்லையே 100தான். அவற்றில் மூன்று, ஹற்றனில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் ஒரே விடயத்துக்காக மூன்று நாட்களில் விட்டவை. பெட்டியின் இரகசிய இலக்கம் அலுவலகத்தில் ஆறு பேருக்கும் தெரிந்திருந்தது. ஆறு பேரும், மற்றவர்களில் யாரோ ஒருவர் கேட்டிருப்பார் என்று நம்பியிருந்தார்கள்.

அன்றிலிருந்து, இத்தகைய அமைப்பை யார் கேட்டாலும் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: பதிவான செய்தியை யார் கேட்பார், எத்தனை மணிக்குள் திருப்பி அழைப்பார்? இதற்கு ஒரு பெயரும் ஒரு நேரமும் விடையாகக் கிடைக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கேட்கப்படாத குரலஞ்சல், எடுக்கப்படாத தொலைபேசியைவிடத் தீங்கானது. எடுக்கப்படாத தொலைபேசிக்கு மீண்டும் அழைப்பார்கள். செய்தி சொல்லிவிட்டவரோ, சொல்லியாயிற்று என்று காத்திருப்பார்.

முதல் வாரம்: எண்ணிப் பார்த்தல்

ஒரு சீஆர் கொப்பியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வாரத்துக்கு ஒவ்வோர் அழைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, எந்த மொழியில் பேசினார், எதற்காக அழைத்தார், யாரிடம் கொடுக்கப்பட்டது என்ற நான்கு விடயங்கள் போதும். பின்னர் எடுக்கவேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவை இந்தக் கொப்பியிலிருந்தே வரும். ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் வருகின்றன என்பதிலிருந்து எத்தனை இணைப்புகள் தேவை என்பது தெரியும். மொழி நிரலைப் பார்த்தால் எந்த மொழியை முதலில் ஒலிக்கச் செய்வது என்பது தெரியும். வெளிநாட்டு அழைப்புகளையும் தனியாகக் குறியுங்கள். கொழும்பில் காலை 8.30 முதல் மாலை 5.00 வரை அலுவலகம் திறந்திருக்கும்போது, கோடை காலத்து ரொறன்ரோவில் இரவு 11.00 முதல் காலை 7.30 வரை ஆகிறது. ஆகவே அங்குள்ள வாடிக்கையாளரோ உறவினரோ வசதியான நேரத்தில் அழைத்தால் எப்போதும் மூடிய அலுவலகத்தின் குரலையே கேட்பார். அப்படிப்பட்ட அழைப்புகள் உங்களுக்கு உண்டென்றால், மூடிய நேரத்து அறிவிப்புத்தான் உங்கள் அமைப்பின் முக்கியமான பகுதி.

எந்த வழியைத் தேர்வது

மூன்று வழிகள் உள்ளன. வெளி இணைப்புகளை அலுவலகத்தின் பல தொலைபேசிகளுக்குப் பகிர்ந்துகொடுக்கும் அமைப்பான பிபிஎக்ஸைத் தொலைத்தொடர்பு நிறுவனமே தன் சேர்வரில் நடத்தி மாதக் கட்டணத்துக்குத் தருவது முதலாவது. அலுவலகச் சுவரில் பொருத்தும் வழமையான பிபிஎக்ஸ் பெட்டி இரண்டாவது. கொழும்பின் பழைய அலுவலகங்கள் பலவற்றில் இன்றும் காணப்படும் பனசொனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 இந்த வகையைச் சேர்ந்தது: அடிப்படை நிலையில் 3 வெளி இணைப்புகளும் 8 எக்ஸ்டென்ஷன்களும் (உள் மேசைத் தொலைபேசிகளும்) கொண்டது, 8 இணைப்புகள், 24 எக்ஸ்டென்ஷன்கள்வரை விரிவாக்கக்கூடியது, ஆனால் குரலஞ்சலுக்குத் தனியாக அட்டை வாங்கிச் செருகவேண்டும். மூன்றாவது, ஒரு சிறிய கணினியில் அஸ்டெரிஸ்க் என்னும் திறந்த மூல மென்பொருளை நிறுவி நீங்களே நடத்துவது. 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய இந்த மென்பொருளை, ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற இணையப் பக்க முகப்பின் வழியாகக் கட்டளை வரிகள் அறியாதவரும் கையாளலாம்.

கணினியில் ஆர்வமுள்ள ஒருவர் அலுவலகத்தில் நிரந்தரமாக இருந்தால் மூன்றாவது வழியையும், இல்லாவிட்டால் முதலாவதையும் நான் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே சுவரில் நல்ல நிலையில் ஒரு பெட்டி இருந்தால் அதைக் கழற்றி எறிய அவசரப்படாதீர்கள். அதற்குரிய அட்டை கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு முடிவுசெய்யுங்கள். புதிதாகக் கருவி வாங்குவதானால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்பதை விற்பனையாளரிடம் கேட்டுப் பற்றுச்சீட்டுடன் வாங்குவது நல்லது. கீழே சொல்லப்படும் அமைப்பு விபரங்கள் அஸ்டெரிஸ்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், மற்ற இரு வழிகளிலும் இதே கேள்விகள் வேறு பெயர்களில் வரும்.

இணைப்புகளும் மின்சாரமும்

ஒரேயொரு இணைப்பில் தானியங்கிப் பதிலை வைப்பது பயனற்றது. எதற்கு எந்த இலக்கத்தை அழுத்துவது என்று இயந்திரம் சொல்லும் பட்டியலை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில், இரண்டாமவருக்கு இணைப்பு வேறோர் அழைப்பில் ஈடுபட்டிருப்பதைக் காட்டும் ஒலிதான் கேட்கும். குறைந்தது இரண்டு இணைப்புகளைப் பெற்று, ஒரே இலக்கத்துக்கு வரும் அழைப்பு வெறுமையான இணைப்பைத் தேடிச் செல்லுமாறு ஹன்டிங் வசதியைக் கேளுங்கள். இணையவழி டிரங்க், அதாவது இணையத்தின் மூலம் வரும் வெளி இணைப்பு, எடுத்தால் ஒரே இலக்கத்திலேயே வேண்டிய அளவு ஒருநேர அழைப்புகளைப் பெறலாம். சுருக்கப்படாத குரல் அழைப்பு ஒன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட் வேகம் போதும். ஆகையால் நான்கு அழைப்புகள்கூட இன்றைய பைபர் இணைப்புக்குப் பாரமில்லை. எனினும் யாரோ பெரிய கோப்பொன்றை அனுப்பும்போது குரல் வெட்டி வெட்டிக் கேட்காமலிருக்க, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும்.

பழைய செப்புக் கம்பி இணைப்பைப் பயன்படுத்துவோர் இரண்டு விடயங்களில் கவனமாக இருக்கவேண்டும். அழைப்பவரின் இலக்கம் தெரியும் வசதியை இணைப்பு நிறுவனத்திடம் தனியாகக் கேட்டுப் பெறுவது ஒன்று. அந்த இலக்கம் வந்து சேர்வதற்கு அவகாசம் தேவை என்பதால், முதல் மணியிலேயே இயந்திரம் எடுத்துவிடாதபடியும் அமைக்கவேண்டும். மற்றது, நான் அதிக நாட்களைச் செலவிட்ட சிக்கல்: மறுமுனையில் இருப்பவர் தொலைபேசியை வைத்துவிட்டார் என்பதை இயந்திரம் அறிவது எப்படி? செப்புக் கம்பியில் அழைப்பு முடிந்ததும் பரிமாற்ற நிலையத்திலிருந்து ஓர் ஒலிதான் திரும்பத் திரும்ப வரும். மனிதக் காதுக்கு அதன் பொருள் உடனே விளங்கும். இயந்திரத்துக்கு அந்த ஒலியின் அலைவெண்ணையும், எத்தனை மில்லிவினாடி ஒலித்து எத்தனை மில்லிவினாடி நிற்கிறது என்பதையும் சொல்லிக்கொடுத்தால்தான் விளங்கும். சொல்லிக்கொடுக்காவிட்டால் குரலஞ்சல் அந்த ஒலியையே நிமிடக்கணக்கில் பதிவுசெய்துகொண்டிருக்கும். அதுவரை இணைப்பும் விடுபடாது. உங்கள் இணைப்பில் வரும் ஒலியைப் பதிந்து, ஒலி திருத்தும் மென்பொருளொன்றில் அளந்து, அந்த அளவுகளைக் கருவியில் இடுங்கள். கருவியின் நாட்டுப் பட்டியலில் வேறொரு நாட்டைத் தெரிந்துவிட்டு அதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம்.

பைபர் இணைப்பில் இந்தச் சிக்கல் குறைவு. மின்சாரச் சிக்கல் அதிகம். செப்புக் கம்பியில் பரிமாற்ற நிலையமே 48 வோல்ட் மின்சாரத்தை அனுப்புவதால், வீட்டில் விளக்கு அணைந்தாலும் சாதாரணத் தொலைபேசி வேலைசெய்தது. பைபரில் உங்கள் கட்டடத்தின் மின்சாரம் நின்றால் தொலைபேசியும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணக்கைப் பாருங்கள்: சாதாரண யூபிஎஸ் ஒன்றில் இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரியின் கொள்ளளவு 84 வாட் மணி. அதில் உண்மையாகக் கிடைப்பது 50 வாட் மணியளவு என்று வைத்துக்கொண்டால், ரவுட்டர், சிறிய கணினி, சுவிட்ச், ஐந்தாறு மேசைத் தொலைபேசிகள் என 50 வாட்டை இழுக்கும் அமைப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் அணைந்துவிடும். எனவே யூபிஎஸ்ஸில் தொலைபேசிக்குரிய கருவிகளை மட்டும் இணைத்து, அச்சுப்பொறியையும் மின்விசிறியையும் விலக்கிவையுங்கள். மின்சாரமோ இணையமோ அற்றுப்போனால் அழைப்பு தானாக ஒரு கைத்தொலைபேசிக்குத் திரும்புமாறு, இணைப்பு நிறுவனத்தின் பக்கத்திலேயே அமைத்துத் தரும்படியும் கேளுங்கள்.

பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் வரும் இடிமின்னல், செப்புக் கம்பியின் வழியாக உள்ளே வந்து கருவியை எரித்துவிடக்கூடும். மின்னல் தடுப்புக் கருவியையும் சரியான புவித்தொடுப்பையும் பொருத்தும் செலவைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம்.

முதலில் மனிதர், பிறகு இயந்திரம்

பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்தில், பணி நேரத்தில் அழைப்பு நேரே பட்டியலுக்குப் போகக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் 20 வினாடிகள் இரண்டு மூன்று மேசைகளில் ஒன்றாக மணி அடிக்கட்டும். எவரும் எடுக்காவிட்டால் மட்டுமே இயந்திரம் எடுக்கட்டும். மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இயந்திரம் பதிலளித்த வினாடியிலிருந்து அழைப்பவரின் கட்டணம் ஓடத் தொடங்குகிறது. ரீலோட் செய்து பேசும் ஒருவர் உங்கள் நிறுவனத்தின் பெருமைகளைக் கேட்பதற்குப் பணம் செலுத்தும் நிலையை நாம் உண்டாக்கக்கூடாது.

பட்டியலை அமைக்கும்போது பெரும்பாலானோர் பிரிவுகளைப் பற்றி யோசிக்கிறார்கள்: விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு, களஞ்சியத்துக்கு மூன்று. ஆறு பேர் வேலைசெய்யும் அலுவலகத்தில் இந்த மூன்று பிரிவும் பல வேளைகளில் ஒருவரே. கொழும்பில் அழைப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது தன் மொழியில் பேசக்கூடிய ஒருவர். ஆதலால் முதற் பட்டியல் மொழிக்காக இருக்கட்டும். ஒவ்வொரு மொழியையும் தெரிந்தவுடன் அந்த மொழி பேசும் ஊழியர்களின் மேசைகளில் மணி அடிக்கட்டும். பிரிவுப் பட்டியல் கட்டாயம் தேவையென்றால் இரண்டாம் நிலையில் வைக்கலாம். மூன்றாம் நிலை வேண்டவே வேண்டாம்.

இலக்கங்களைப் பங்கிடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டியலில் 1, 2, 3 ஆகியவற்றைப் பயன்படுத்திவிட்டு, எக்ஸ்டென்ஷன்களுக்கு 101, 102 என்று இட்டால், ஒருவர் 1ஐ அழுத்தும்போது இன்னும் இலக்கம் வருமா என்று இயந்திரம் சில வினாடிகள் காத்திருக்கும். அழைப்பவரோ ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி மீண்டும் அழுத்துவார். எக்ஸ்டென்ஷன்களை 401இலிருந்தும் குரலஞ்சல் பெட்டிகளை 501இலிருந்தும் தொடங்கினால் இந்தக் குழப்பம் எழாது. 0 எப்போதும் ஒரு மனிதரிடமே போகவேண்டும்.

எதையும் அழுத்தாதவரை ஒருபோதும் துண்டிக்காதீர்கள். முதியவர்கள் பலர் அழுத்தமாட்டார்கள். கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, திரையை ஒளிரச்செய்து, இலக்கப் பலகையைத் தேடி அழுத்துவதற்கு இளையவருக்கே நேரம் எடுக்கும். பட்டியல் முடிந்தபின் 7 வினாடிகள் காத்திருந்து, ஒருமுறை மீண்டும் ஒலித்து, அதன் பின்னும் பதில் இல்லாவிட்டால் எல்லா மேசைகளிலும் மணி அடிக்கச் செய்து, அங்கும் எவரும் எடுக்காவிட்டால் குரலஞ்சலுக்கு அனுப்புங்கள்.

அறிவிப்பின் சொற்களும் குரலும்

அறிவிப்பை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்ப்பதே வழக்கமாக இருக்கிறது. பெயர்ப்பலகைகளில் நம் மொழி படும் பாட்டைப் பார்த்து வருந்துகிற நாமே, நம் அலுவலகத் தொலைபேசியில் அதே தவறைச் செய்யலாகாது. தமிழ் அறிவிப்பைத் தமிழில் எழுதுங்கள். சிங்கள அறிவிப்பைச் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஊழியரே எழுதிப் பேசட்டும். ஒவ்வொரு மொழித் தெரிவும் அந்தந்த மொழியிலேயே ஒலிக்கவேண்டும். ஆங்கில அறிவிப்பின் நடுவே தமிழுக்கு இன்ன இலக்கம் என்று ஆங்கிலத்தில் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

நான் பயன்படுத்தும் தொடக்க அறிவிப்பு இவ்வளவுதான்: நிறுவனத்தின் பெயர், ஒரு வினாடி அமைதி, பின்பு சிங்களக் குரலில் “ஸிங்ஹல பாஷாவ சந்தஹா எக்க ஒபன்ன”, தமிழ்க் குரலில் “தமிழில் பேசுவதற்கு இரண்டை அழுத்துங்கள்”, அடுத்து ஆங்கிலத்தில் மூன்று. மொத்தம் 15 வினாடிகளைத் தாண்டக்கூடாது. கொப்பியில் குறித்த வார விபரத்தின்படி வரிசையை மாற்றிக்கொள்ளலாம். தமிழில் தேவை முன்னும் இலக்கம் பின்னும் வருவது இயல்பான வாக்கிய அமைப்பு. கேட்பவரும் தனக்கு வேண்டியதைக் கேட்ட பிறகே இலக்கத்துக்குக் காதைத் தீட்டுவார். “இரண்டை அழுத்துங்கள், தமிழில் பேசுவதற்கு” என்று புரட்டிச் சொன்னால், இலக்கம் காதில் விழும்போது அது எதற்கென்று அவருக்குத் தெரியாது.

மூடிய நேரத்துக்கான அறிவிப்பு இவ்வாறு இருக்கலாம்: “வணக்கம். எங்கள் அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டரை மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரையும், சனிக்கிழமை பகல் ஒரு மணி வரையும் திறந்திருக்கும். பீப் ஒலி கேட்டதும் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சொல்லி, என்ன விடயம் என்பதையும் சுருக்கமாகச் சொல்லுங்கள். அடுத்த வேலை நாளில் காலை பத்து மணிக்கு முன்பு உங்களை அழைப்போம்.” கடைசி வாக்கியத்தில் உள்ள நேரத்தை உங்களால் காப்பாற்ற முடியாவிட்டால் பதினொன்று என்றோ பன்னிரண்டு என்றோ மாற்றுங்கள், நேரம் குறிக்காத வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள்.

தொலைபேசியில் 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளே சாதாரணமாகக் கடந்து செல்கின்றன. சகர, ஸகர ஒலிகளின் கூர்மை அங்கே மழுங்கிவிடும். நம் பேச்சில் வேறொரு இடரும் உண்டு: ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொல்லும்போது மூன்றும் ஒரே ஓசையில் முடிகின்றன; தெளிவில்லாத இணைப்பில் கேட்பவருக்கு அந்த முடிவுதான் எட்டும். அறிவிப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என எழுத்து நடையில், முதல் அசையை அழுத்தி, ஒவ்வொன்றின் பின்னும் சிறிது நிறுத்திச் சொல்லவேண்டும். கணினி உருவாக்கும் குரலைவிட அலுவலகத்தில் தெளிவாகப் பேசும் ஒருவரின் குரலே நல்லது. எங்கள் ஊர்ப் பேச்சின் ஓசையைக் கேட்டதும் அழைப்பவர் சரியான இடத்துக்கு வந்திருப்பதை உணர்கிறார்.

காலி வீதியையோ மெயின் வீதியையோ பார்த்த அறையில் பகலில் பதிவுசெய்தால் பஸ்ஸின் ஹோர்ன் ஒலியும் சேர்ந்தே பதிவாகும். அதிகாலையில், மின்விசிறியை நிறுத்தி, திரைச்சீலை உள்ள அறையில் பதியுங்கள். கைத்தொலைபேசியில் பதிந்தாலும் குறையில்லை. பின்னர் அதை வேவ் வடிவத்தில், ஒற்றைத் தடமாக, 8 கிலோஹேர்ட்ஸ், 16 பிட் அளவுக்கு மாற்றி ஏற்றவேண்டும். அஸ்டெரிஸ்குடன் வரும் அறிவிப்புகளில் தமிழோ சிங்களமோ இல்லாததால், உங்கள் தமிழ் வாழ்த்து முடிந்ததும் இயந்திரம் தன் ஆங்கில அறிவுறுத்தலைச் சேர்த்துவிடும். குரலஞ்சல் அமைப்பில் அந்த அறிவுறுத்தலை நிறுத்திவிட்டு, பீப் ஒலி மட்டும் வரும்படி செய்யுங்கள்.

நேரமும் விடுமுறையும்

வெளிநாட்டுச் சேர்வரில் நடக்கும் அமைப்பென்றால் நேர வலயத்தை முதலில் சரிபாருங்கள். நம் நேரம் கிறீனிச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. சேர்வர் கிறீனிச் நேரத்தில் இருந்து, நீங்கள் 8.30 முதல் 5.00 வரை என்று இட்டிருந்தால், உங்கள் அலுவலகம் பகல் 2.00 மணிக்குத் திறந்து இரவு 10.30க்கு மூடுவதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும். காலை முழுவதும் வாடிக்கையாளர் மூடிய அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க, மேசையில் இருப்பவர்கள் இன்று வியாபாரம் மந்தம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

விடுமுறைகளை ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரே தடவையில் உள்ளிடுங்கள். மாதந்தோறும் வரும் போயா தினங்கள், தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்பன எல்லோருக்கும் நினைவிருக்கும். தவறு நிகழ்வது வேறிடத்தில்: ஆண்டு விடுமுறைப் பட்டியலில் அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும், உங்கள் அலுவலகம் எதைப் பின்பற்றுகிறது என்று பார்த்தே உள்ளிடவேண்டும்.

பொதுப் பெட்டி

தமிழுக்கு 501, சிங்களத்துக்கு 502, ஆங்கிலத்துக்கு 503 என்று மொழிக்கொரு பெட்டி வைப்பதையே நான் விரும்புகிறேன். செய்தி அதைப் புரிந்துகொள்ளக்கூடியவரிடம் நேரே போய்ச் சேரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளரும், அவர் லீவில் நிற்கும் நாட்களுக்கு ஒரு பதிலாளும் வேண்டும். இரண்டு பெயர்களையும் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

செய்தி பதிவானதும் அதன் ஒலிக்கோப்பு அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்குப் போகும்படி அமைக்கலாம். இங்கே ஒரு தெரிவு கேட்கப்படும்: மின்னஞ்சல் சென்றபின் பெட்டியிலுள்ள பிரதியை அழிப்பதா, வைத்திருப்பதா? அழித்தால் மேசைத் தொலைபேசியில் செய்தி உண்டென்று காட்டும் சிவப்பு விளக்கு எரியாது. வைத்திருந்தால், மின்னஞ்சலில் கேட்டுவிட்டுப் பெட்டியை மறந்துவிடுவார்கள். சில மாதங்களில் புறக்கோட்டையில் நான் கண்ட நிலை வந்துவிடும். விளக்கை நம்பும் அலுவலகம் வைத்திருந்து, ஒவ்வொரு காலையும் ஸ்டார் 98இல் அழைத்து, பெட்டியின் இலக்கத்தை இட்டுக் கேட்டுக் கேட்டு அழிக்கட்டும். மின்னஞ்சலை நம்பும் அலுவலகம் அழிக்கும் தெரிவை எடுத்து, மின்னஞ்சலையே ஒழுங்காகப் பேணட்டும். இரண்டையும் கலந்து வைப்பதுதான் ஆபத்து.

ஒலிக்கோப்பின் வடிவத்தையும் கவனியுங்கள். சாதாரண வேவ் வடிவில் ஒரு நிமிடச் செய்தி ஏறத்தாழ 1 மெகாபைட் ஆகும். ஜிஎஸ்எம் முறையில் சுருக்கிய வேவ் அதில் பத்திலொரு பங்குதான். ஆனால் சில கைத்தொலைபேசிகளில் அது ஒலிக்க மறுப்பதால் நான் பெரிய கோப்பையே தேர்கிறேன். மூன்று வினாடிக்குக் குறைந்த பதிவுகளைப் பெட்டி ஏற்காதபடியும், ஒரு செய்தி மூன்று நிமிடத்தைத் தாண்டாதபடியும், பத்து வினாடி அமைதி நிலவினால் பதிவு நிற்கும்படியும் அமைத்தால் வெற்றுச் செய்திகள் குறைந்துவிடும்.

கேட்ட ஒவ்வொரு செய்தியும் கொப்பியில் ஒரு வரியாகவேண்டும்: கிடைத்த நேரம், பெயர், இலக்கம், விடயம், திருப்பி அழைத்தவர், அழைத்த நேரம். கடைசி இரண்டு கட்டங்களும் வெறுமையாக உள்ள வரிகளை மாலையில் முகாமையாளர் பார்த்தால் போதும். மின்னஞ்சல் கோப்புறைகளையும் வண்ணக் குறிகளையும் முயன்று பார்த்தபின், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் கிடக்கும் கொப்பிக்கே நான் திரும்பியிருக்கிறேன்.

பதிவான குரலும் பெயரும் இலக்கமும் ஒருவருடைய தனிப்பட்ட தரவுகள் என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்பைப் பற்றியது. குறித்த நோக்கத்துக்காக மட்டும் சேகரிப்பதும், அந்த நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திராததும் அதன் அடிப்படைகளில் அடங்கும். பணக் கொடுப்பனவு பற்றிய செய்தியை ஊழியர்களின் வட்சப் குழுவில் போட்டுக் கேட்பது இந்த நோக்கத்துக்கு உரியதன்று. வேலை முடிந்த செய்திகளை 30 நாட்களில் அழிப்பதென்று அலுவலகத்தில் ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

இணையத்துக்குத் திறந்துவிடப்பட்ட பிபிஎக்ஸை, பலவீனமான கடவுச்சொற்களைத் தேடும் தானியங்கி நிரல்கள் விரைவிலேயே தட்டத் தொடங்கும். உள்ளே நுழைந்தவர்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வார இறுதியில், அலுவலகத்தில் ஆளில்லாத நேரத்தில், கட்டணம் மிகுந்த வெளிநாட்டு இலக்கங்களுக்கு உங்கள் கணக்கில் அழைப்பது. பில் வந்த பின்னரே விடயம் தெரியவரும். ஆகையால் ஐடிடி என்னும் வெளிநாட்டு அழைப்பு வசதி தேவையில்லையென்றால் பிபிஎக்ஸில் மட்டுமன்றி இணைப்பு நிறுவனத்திடமும் சொல்லி அதை நிறுத்திவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் இலக்கத்தையே அதன் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். குரலஞ்சல் பெட்டியின் இரகசிய இலக்கம் 1234 ஆகவோ 501 ஆகவோ இருக்கக்கூடாது. பெட்டிக்குள் இருந்தபடியே வெளியிலக்கத்துக்கு அழைக்க அனுமதிக்கும் வசதி சில அமைப்புகளில் உண்டு, அதை மூடிவையுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸின் நிர்வாகப் பக்கம் அலுவலக வலையமைப்புக்கு உள்ளிருந்து மட்டுமே திறக்கவேண்டும்.

சோதனை

எல்லாம் முடிந்ததும், அமைப்பை நிறுவியவர் சோதிப்பது போதாது. டயலொக், மொபிடெல் கைத்தொலைபேசிகளிலிருந்தும், ஒரு 011 இணைப்பிலிருந்தும், முடிந்தால் யாழ்ப்பாணத்து 021 இணைப்பிலிருந்தும், வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவர் 94ஐச் சேர்த்தும் அழைத்துப் பார்க்கவேண்டும். அழுத்திய இலக்கத்தை இயந்திரம் ஏற்காமல் விடுவது சில வழிகளில் மட்டுமே நிகழும். அப்போது, அழுத்தும் இலக்கங்களை ஒலியாக அனுப்பும் டிடிஎம்எஃப் அமைப்பை டிரங்க் நிறுவனம் சொல்லும் முறைக்கு மாற்றவேண்டியிருக்கும். ஒன்றும் அழுத்தாமல் ஒருமுறை, தவறான இலக்கத்தை அழுத்தி ஒருமுறை, செய்தியின் நடுவே வைத்துவிட்டு ஒருமுறை, மாலை 5.01க்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை என்று அழையுங்கள். பின்னர் அலுவலகத்தோடு தொடர்பில்லாத, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை, முன்கூட்டி எதுவும் சொல்லாமல் அழைக்கச் சொல்லி, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். என் அனுபவத்தில், மிகுந்த திருத்தங்களைத் தந்தது இந்தச் சோதனைதான்.

நிறுவிய பின் மாதத்தில் ஒருநாள் வெளியிலிருந்து அழைத்து அறிவிப்பு முழுவதையும் கேளுங்கள். ஊழியர் ஒருவர் விலகும் நாளில் சாவியைத் திருப்பிப் பெறுவதோடு, பெட்டியின் இரகசிய இலக்கத்தையும் பொது மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றி, அவருடைய எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்பை மொழிக் குழுவுக்குத் திருப்பி, கொப்பியின் முதற் பக்கத்தில் அவர் பெயர் இருந்த இடத்தில் அன்றே வேறொருவரின் பெயரை எழுதிவிடுங்கள்.